உடுக்குறி இட்ட சொற்கள்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் எம் துறை மாணவர் ஒருவர் தடித்த குறிப்பேடு ஒன்றை ஏந்தி வந்தார். மெக்சிகோ நாட்டு ஒட்டோமி மொழிச் சொற்களை ஒருபுறமும், அவற்றோடு ஒலியால் ஒத்தனவாகத் தமக்குத் தோன்றிய தமிழ்ச் சொற்களை மறுபுறமும் நாற்பது பக்கங்களுக்கு எழுதியிருந்தார். முதற்பக்கத்திலேயே ‘தெஹே’ என்ற சொல் இருந்தது. ஒட்டோமியில் நீரைக் குறிக்கும் சொல் அது. அதற்கு நேரே ‘தெண்ணீர்’ என்றிருந்தது. “இதனை ஆய்வாக விரிக்கலாமா, ஐயா?” என்று கேட்டார். “ஒலி ஒப்புமை உறவாகாது” என்று ஒரே தொடரில் மறுத்துவிட்டோம். அவர் முகம் வாடியது. நாற்பது பக்க உழைப்புக்கு ஒரு தொடர் போதிய மறுமொழி அன்று என்பதை அன்றிரவே உணர்ந்தோம். எம் இளமுனைவர் பட்டக் காலத்தில் நாமும் இத்தகைய பட்டியல் ஒன்றை, வேறொரு மொழியை வைத்து, ஆசையோடு தொகுத்தவரே. ஆதலால் அன்று சொல்லாது விட்டதை இம்மலரில் சொல்ல முனைகிறோம்.

ஒட்டோமி தனித்து நிற்கும் மொழியன்று. மஸாவா, மத்லட்சிங்கா, ஒக்குயில்தேக்கோ எனவும் வழங்கும் த்லாவிக்கா, பாமே, சிச்சிமேக்கா ஹோனாஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அது ஒட்டோ-பாமே எனும் கிளையாக அமைகிறது. இக்கிளை ஒட்டோ-மாங்கே என்னும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தின் வடகோடியில் நிற்பது. நடு மெக்சிகோவின் மேட்டு நிலமே இம்மொழிகளின் வாழிடம். ‘ஒட்டோமி’ என்ற பெயரே அயலார் இட்டது. நாவாட்டில் மொழி பேசிய ஆஸ்டெக் மக்களிடையே அப்பெயர் அறிவிலியைச் சுட்டும் வசைச்சொல்லாகவும் வழங்கியதைப் பதினாறாம் நூற்றாண்டுத் துறவி சஹாகுன் தம் பெருந்தொகுப்பில் பதிந்துள்ளார். மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு மக்கள் தம் மொழியை ‘ஹ்ஞாஹ்ஞு’ என்றே வழங்குவர்.

எம் மாணவர் செய்ததை அவருக்கு முன்னரே, அவரினும் பன்மடங்கு கற்றவர் ஒருவர் செய்திருக்கிறார். மெக்சிகோ நாட்டுத் துறவியான நாஹேரா என்பார் ஒட்டோமியைப் பற்றி இலத்தீனில் எழுதிய ஆய்வுரை 1837இல் பிலடெல்பியாவில் அச்சேறியது. ஒட்டோமிச் சொற்கள் குறுகியவை, ஓரசையால் ஆனவைபோல் தோன்றுபவை, எடுத்தல், படுத்தல் முதலிய தொனி வேறுபாட்டாலேயே பொருள் வேறுபடுபவை, சீனமும் அத்தகையதே, ஆகவே இரண்டும் உறவுடையன என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் அதன் அடித்தளம் இரு பக்கமும் சரிந்தது. ஒட்டோமி உண்மையில் ஓரசை மொழியன்று. அதன் வினை, இடத்தையும் காலத்தையும் உணர்த்தும் உறுப்புகளை முன்னே ஏற்று நடப்பது. சீனத்தின் நிலையோ இன்னும் வியப்பிற்குரியது. பழஞ்சீனத்தில் தொனியே இல்லை என்றும், சொல்லிறுதி மெய்கள் தேய்ந்த பின்னரே அது தோன்றியது என்றும் இன்றைய மொழிநூலார் பெரும்பாலோர் கொள்வர். ஒட்டோ-மாங்கேக் குடும்பத்திலோ மூலமொழியிலேயே தொனி இருந்ததாக மீட்டுருவாக்கம் செய்கின்றனர். நாஹேரா உறவுக்குச் சான்றாகக் காட்டிய பண்பு ஒருபுறம் முதுமையானது, மறுபுறம் பிற்காலத்தில் முளைத்தது. தனித்தனி வழியில் நடந்து வந்த இருவர் ஒரே நிறத்தில் சட்டை அணிந்திருந்ததைக் கண்டு உடன்பிறந்தார் என்று முடிவு கட்டியதுபோல் ஆயிற்று. அவரை நாம் எள்ளவில்லை. இழித்துரைக்கப்பட்ட ஒரு மொழிக்குப் பெருமைமிக்க சுற்றம் தேடித்தர வேண்டும் என்ற பரிவும் அவ்வாதத்தில் கலந்திருக்கலாம். எம் மாணவரிடமும் அப்பரிவு இருந்தது.

உண்மையான சுற்றம் அருகிலேயே இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ழாக் சூஸ்தெல் (1955இல் அல்ஜீரியாவின் தலைமை ஆளுநராகி வேறுவகைப் புகழும் பழியும் ஈட்டியவர் இவரே) 1937இல் வெளியிட்ட நூலில் இம்மொழிகளை ஒரு குடும்பமாக நிரல்பட நிறுத்தினார். அடுத்து, ஆஸ்திரியாவில் பிறந்து பொறியாளராயிருந்து மொழியாய்வுக்கு வந்த வைட்லானரும் ஸ்டான்லி நியூமனும் 1950இல் ஒட்டோமிக் கிளைமொழிகளை ஒப்பிட்டு மூல ஒட்டோமியின் வடிவங்களை வகுத்தனர். பின்னர் டோரிஸ் பார்த்தலோமியூ அம்மையார் 1965இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் குடும்பம் முழுமைக்கும் மூலமொழியை மீட்டுருவாக்கினார். கிளையிலிருந்து கிளைக்குப் படிப்படியாக ஏறிச் சென்ற முறையை நோக்குக. ஒட்டோமியர் ‘தெஹே’ என்பதை மஸாவா மக்கள் ‘ந்தெஹெ’ என்பர். இவ்விரண்டின் உறவை எவரும் காண்பர். ஆனால் பாமேயும் சிச்சிமேக்காவும் முகச்சாயலே மாறிய உறவினர். அவற்றில் சொல்லிறுதியிலே மெய்கள் செறிந்து நிற்கும். ஒட்டோமிச் சொற்களோ பெரும்பாலும் உயிரில் முடியும். இங்கே சாயல் உதவாது. இம்மொழியில் இவ்வொலி வருமிடத்தில் அம்மொழியில் அவ்வொலி தவறாது வருகிறதா என்னும் கணக்கே உதவும்.

அக்கணக்கின் பயனாகக் கிடைக்கும் வடிவத்தின் முன்னே மொழிநூலார் ஓர் உடுக்குறியை இடுவர். ‘இதனை எவரும் எழுதக் கண்டிலோம், பேசக் கேட்டிலோம், சான்றுகளைக் கொண்டு இவ்வாறு கருதுகிறோம்’ என்பதே அச்சிறு குறியின் பொருள். மீட்டுருவாக்கிய மூலமொழியை ‘வெறும் கற்பனை’ என்று ஒதுக்குவோர் எம் துறையிலும் உளர். இதற்கு நாம் உடன்படோம். புதிய சான்று வந்தால் திருத்தப்படக் காத்திருப்பது கற்பனை அன்று. உடுக்குறி இல்லாமல், உறுதியோடு எழுதப்பட்ட சொற்பிறப்புகளிடத்தே தான் நமக்கு அச்சம்.

மாணவரின் ‘தெண்ணீர்’ இக்கணக்கின்முன் நில்லாது. தெள் என்பது தெளிவு. நீர் என்ற பொருள் பின்னுள்ள உறுப்பிலே தான் இருக்கிறது. ஒத்த ஒலி ஒன்றில், ஒத்த பொருள் மற்றொன்றில். மேலும் மஸாவாவில் முன்னிற்கும் நகரத்திற்கும் விடை கூறியாக வேண்டும். ஒட்டோமியை அதன் உடன்பிறந்த மொழியிடம் கேளாமலே கடல் கடந்து பெண் கேட்கப் போவது முறையன்று!

மயக்கும் ஒப்புமைகள் இன்னும் உண்டு. முன்னிலையாரை உள்ளடக்கும் தன்மைப் பன்மையையும் விலக்கும் தன்மைப் பன்மையையும், நாம் என்றும் நாங்கள் என்றும் தமிழ் பிரிப்பதுபோல, ஒட்டோமியும் பிரிக்கிறது. வடபாமேயில் எண்ணுமுறை எட்டை அடியாகக் கொண்டது. விரல்களை விடுத்து விரலிடைகளை எண்ணியதால் இவ்வாறு ஆயிற்று என்பர். தமிழில் ‘எண்’ என்பது எட்டுக்கும் எண்ணிக்கைக்கும் பொதுவாய் நிற்பதைக் கற்றவர் உள்ளம் உடனே துள்ளும். நம் உள்ளமும் துள்ளியது. துள்ளட்டும், ஆனால் இவை மனித மனமும் மனிதக் கையும் எங்கெங்கோ ஒத்து இயங்குவதைக் காட்டுமேயன்றி, ஒரு தாய் வயிற்றைக் காட்டா.

சான்றுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஒட்டோமி பேசுவோர் ஏறத்தாழ மூன்று இலட்சம். மஸாவா பேசுவோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். பாமேக்குப் பன்னீராயிரம் அளவினரே. சிச்சிமேக்காவும் த்லாவிக்காவும் ஈராயிரத்துச் சில்லறை. மத்லட்சிங்கா ஆயிரத்துச் சில்லறை. மூலமொழியை மீட்பதற்கு இன்றியமையாத சாட்சிகளுள் சில, ஓரிரண்டு ஊர்களில் ஒடுங்கிவிட்டன. ஹிதால்கோ மாநிலத்து ஹிலியாப்பனில் வழங்கிய தென்பாமே முற்றிலும் மறைந்துவிட்டது. லியோனார்டோ மன்ரிக்கே அதன் இலக்கணத்தை எழுதி 1967இல் வெளியிட்டிராவிடின், அச்சாட்சி வாய் திறவாமலே சென்றிருக்கும். மெக்சிகோ அரசு 2003இல் மொழியுரிமைச் சட்டம் இயற்றியது. 2008இல் நாட்டின் மொழிவகைகள் 364 எனப் பட்டியலும் இட்டது. பட்டியல் மொழியைப் பேசாது; வீட்டில் பிள்ளைகள் பேசவேண்டும். இறந்த மூலமொழியைத் தேடுவோர் எவராயினும், அவர் தேட்டம் சிச்சிமேக்காக் குழந்தை ஒன்றின் நாவைச் சார்ந்தே நிற்கிறது.

இவ்வாண்டு ஒப்பிலக்கணத் தாளுக்கு ஒட்டோ-பாமே மொழிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம் என்று எண்ணியுள்ளோம். ஏட்டிலக்கியப் பழமையைக் கொண்டே மொழியின் முதுமையை அளந்து பழகிய நம் வகுப்பறையில், ஏடே இல்லாத மொழிகளும் தம் மூதாதையை நோக்கி வழிகாட்ட வல்லன என்பது புதுமையாக இருக்கும். எம் மாணவரையும் அழைத்திருக்கிறோம். குறிப்பேட்டின் வலப்பக்கத்துத் தமிழ்ச் சொற்களை அடித்துவிட்டு, அவ்விடத்தில் மஸாவாச் சொற்களை எழுதிவருமாறு கூறியுள்ளோம். ஏழு பக்கங்கள் முடிந்தனவாம்.