பறவை என்று அட்டையேறிய பல்லி

2020 மார்ச்சில் 'நேச்சர்' இதழின் அட்டையில் ஒரு நுண்ணிய மண்டையோடு இடம்பெற்றது. மியான்மரின் கச்சின் பகுதியில் கிடைத்த அம்பருக்குள் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகள் உறைந்திருந்தது அது. 'ஒக்குலுடென்டாவிஸ் கௌங்ரே' என்று பெயர் சூட்டி, தேன்சிட்டினும் சிறிய பறவையின டைனோசர் என்று அறிவித்தனர். நான்கே மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த விலங்கு பல்லி.

அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று இதைக் கொண்டாடுவோர் ஒரு கேள்வியைத் தவிர்க்கின்றனர்: திருத்தும் தேவை ஏன் எழுந்தது? முதன்மையான சான்றுகள் அந்த மண்டையோட்டிலேயே இருந்தன. பறவைகளிலும் அவற்றின் டைனோசர் உறவுகளிலும் கண்குழிக்கு முன்னே காணப்படும் துளை அதில் இல்லை. பல்வரிசை கண்ணுக்குக் கீழ்வரை நீண்டது. பற்கள் குழிகளில் ஊன்றாமல் தாடையெலும்போடு ஒட்டியிருந்தன. கண்வளைய எலும்புகள் பல்லிகளுக்குரிய கரண்டி வடிவில் அமைந்திருந்தன. பற்களின் அமைப்பையும் கண்வளையத்தின் வடிவையும் மூலக் கட்டுரையே குறிப்பிட்டது. ஆனால் பறவையொன்றின் விந்தைகளாக அவற்றைக் கடந்து சென்றது.

பிழையின் வேர் பகுப்பாய்வில் இருந்தது. உறவுமுறையைக் கணித்த தரவு அணியில் பல்லிகளுக்கு இடமே தரப்படவில்லை. பறவைகளை மட்டும் நிறுத்திவைத்து 'இது யாருக்கு உறவு?' என்று கேட்டால், பறவைக்கு என்றே கணினி விடை கூறும். அம்மாதமே வேறு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். மதிப்பாய்வில் இக்கேள்வி எழுந்திருந்தால் அட்டைப்படம் மாறியிருக்கும்.

2021இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியான ஆய்வு வழக்கை முடித்தது. செதில்களும் உடலின் ஒரு பகுதியும் எஞ்சிய இரண்டாம் மாதிரிக்கு, இந்திய–மியான்மர் எல்லையில் வாழும் நாகர்களின் நினைவாக 'ஒக்குலுடென்டாவிஸ் நாகா' என்று பெயரிட்டனர். முதல் மண்டையோடு அம்பருக்குள் நசுங்கியதால் அதன் முகவாய் கூடுதலாக ஒடுங்கி, அலகை நினைவூட்டியது என்பதும் அப்போது தெளிவாயிற்று.

கட்டுரை போயிற்று; பெயரிடல் விதிகளின்படி பெயர் நிலைத்தது. 'கண்-பல்-பறவை' என்னும் பொருளுடைய பெயரை ஒரு பல்லி என்றென்றும் சுமக்கும். ஒப்பீட்டு உடற்கூறியலைப் பழம்பாடம் என்று ஒதுக்கி, மென்பொருள் இயக்கத் தெரிந்தால் போதுமென்று எண்ணும் துறைகள் இப்பெயரை வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கலாம். எந்த விலங்குகளை ஒப்பிட வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது. எலும்பைப் படித்தவரே சொல்ல முடியும்.