தூக்குகிற முதுகு

வாசலூர்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் படகுத்துறை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே கொல்லிமலை ஏறுவார்கள், படகில் போவார்கள், போட்டோ எடுப்பார்கள், அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தோழர்களே, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணி சாத்தி, உச்சியில் ஒரு மலையாளிப் பழங்குடித் தொழிலாளி நிற்பார். அவர் விழுந்தால் யார் தூக்குவது? எப்படித் தூக்குவது? இந்த இதழில் நான் பேச நினைப்பது இதைத்தான்.

வழக்கமா எப்படித் தூக்குறோம்? ஒருத்தர் அக்குளில் கைகொடுப்பார், இன்னொருத்தர் காலைப் பிடிப்பார். நடுவில் உடம்பு தூளி மாதிரி தொங்கும். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த வளைவிலேயே தண்டுவடம் சிதையலாம். விழுந்த இடத்தில் காலை அசைத்தவர், அடிவாரம் சேரும்போது அசைக்க முடியாதவராகிவிடலாம். தூக்கியவர்கள் மேல் குற்றமில்லை. ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். அவங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல, அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க முடியாத வித்தையா அது? தலைமாட்டில் ஒருவர் தலையும் கழுத்தும் அசையாமல் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் மூன்று பேர் தோள், இடுப்பு, கால் என்று பிடிக்க வேண்டும். தலைமாட்டுக்காரர் எண்ணிச் சொல்ல, மரக்கட்டையை உருட்டுவதுபோல எல்லோரும் ஒரே சமயத்தில் புரட்டி, அடியில் பலகையைச் செருக வேண்டும். ஆக நாலு பேர் வேண்டும். 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 வண்டியில் வருவது மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும், ரெண்டு பேர். மிச்ச ரெண்டு பேர் ஊர்க்காரங்கதான். அப்படியானால் பயிற்சி யாருக்கு வேண்டும்?

சாலை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதே நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். 2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்துக் குழந்தை இறந்தபோது, தாய் அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு நடந்தார். சாலைக்கான சண்டை நடக்கட்டும். சாலை வந்த ஊரிலும் மரத்தடியிலிருந்து வண்டிவரை மனிதக் கைதான் தூக்குகிறது.

மலையை விட்டு ஆஸ்பத்திரிக்கு வருவோம். நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. நர்சிங் பாடத்தில் நோயாளியை நகர்த்துவது எப்படி, தன் முதுகைக் காப்பது எப்படி என்றெல்லாம் உண்டு. ஆனால் நம் ஊர் வார்டுகளில் குனிந்து தூக்குகிறவர் யார்? பல இடங்களில் ஒப்பந்தத்தில் வந்த அக்காவும் அண்ணனும். நம்ம சேரிகளிலிருந்து போனவங்க அதுல நிறைய. அப்படி ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "துடைக்கிறதுக்கு எந்த மருந்தை எவ்வளவு ஊத்தணும்னு சொன்னாங்க தம்பி. ஆளைத் தூக்கறதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல." அவருக்கு இப்போது இடுப்புவலி. தைலம்தான் வைத்தியம்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு கணக்குச் சொன்னார். நோயாளியைக் கையால் தூக்கும்போது, எல்லாம் சாதகமாக இருந்தாலும்கூட, ஒருவர் மேல் 35 பவுண்டுக்கு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக்கூடாது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் குறைவு! சிப்பம் திமிறாது, வலியில் கழுத்தைப் பிடித்து இழுக்காது. மனுசன் இழுப்பான். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு விதிகளே, ஆபத்தான தூக்கலை முடிந்தவரை தவிர்ப்பது முதலாளியின் கடமை என்று சொல்லிவிட்டன. இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்கவைக்கக் கூடாது என்றது. அது எழுதப்பட்டது தொழிற்சாலைக்கு. வார்டு தொழிற்சாலை இல்லையாம்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கை வார்டில் கண்ணால் பார்க்கலாம். உத்தரவு சொல்கிறவர் மேலே, எழுதிக்கொள்கிறவர் நடுவில், குனிகிறவர் அடியில். பயிற்சி மேலிருந்து இறங்கும்போது நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. பிணம் தூக்க நம்மைக் கூப்பிட்டே பழகிய ஊருக்கு, சுமக்கிறவனுக்கு எதுக்குப் படிப்பு என்றுதான் தோன்றும். "ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேக்குறாங்க" என்று முகம் சுளிக்கிற நடுத்தர வர்க்கம், தள்ளுகிறவர் சம்பளம் என்ன என்று கேட்டதுண்டா? காசு கேட்பதை நான் நியாயப்படுத்தவில்லை. சம்பளத்தையும் கேளுங்கள் என்கிறேன்.

இதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. படுக்கையில் தரதரவென்று இழுத்தால் தோல் உரசிப் படுக்கைப் புண்ணுக்கு வழி செய்யும். வழுக்குத் துணியை அடியில் விரித்து நகர்த்தினால் தோலும் தப்பும், முதுகும் தப்பும். கட்டில் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டாச்சா, எழப்போகிறவரிடம் முன்கூட்டியே சொன்னோமா, அவரால் எவ்வளவு உந்தி எழ முடியும் என்று கேட்டோமா? இதெல்லாம் பெரிய செலவில்லாத காரியம்.

நாம கேக்கறது இதுதான்: ஒப்பந்த ஊழியர் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்தில் பயிற்சி. வார்டுதோறும் வழுக்குத் துணி. முதுகு போனால் வேலைக் காயமென்று பதிவு. மலையூர்களில் 108 ஊழியர்களோடு ஊர் இளைஞர்களுக்கும் பலகையும் பழக்கமும். நர்சிங், பிசியோதெரபி படிக்கிற தோழர்கள் எழுதுங்கள். அடுத்த மிளகுப் பறிப்பு தொடங்குவதற்குள் வாசலூர்பட்டியில் ஒரு நாள் கூடுவோம். பலகைக்கும் கயிற்றுக்கும் ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.