கர்ப்பத்தின் வாரக் கணக்கு தவறினால் சிகிச்சையும் தவறும்: குறைப்பிரசவ ஆய்வுகள் இந்தியாவுக்கு உணர்த்துவது என்ன?

புது டெல்லி: உலகம் முழுவதும் 2020ஆம் ஆண்டில் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 1.34 கோடி. அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட மதிப்பீடு இது. உலகின் குறைப்பிரசவங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இந்தியாவில்தான் நிகழ்கின்றன.

குறைப்பிரசவத்துக்கும், அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான ப்ரீஎக்ளாம்ப்சியா என்னும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய்க்கும் எதிரான ஆய்வுகள் கடந்த 20 ஆண்டுகளில் கணிசமாக முன்னேறியுள்ளன. விலை குறைந்த மாத்திரைகளும் ஊசிகளும் பயன் தருவது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. எனினும், இவற்றுள் பலவும் ஒரு கேள்விக்கான விடையைச் சார்ந்தே உள்ளன. கர்ப்பிணிக்கு இது எத்தனையாவது வாரம் என்பதே அந்தக் கேள்வி. இந்தியாவில் பல பெண்களுக்கு இதற்கான துல்லியமான விடை உரிய காலத்தில் கிடைப்பதில்லை.

ப்ரீஎக்ளாம்ப்சியா என்பது என்ன?

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின்னர் ரத்த அழுத்தம் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டுவதும், அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவது அல்லது சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதும் இந்நோயின் அடையாளங்கள். உலக அளவில் 2 முதல் 8 சதவீத கர்ப்பங்களில் இது காணப்படுகிறது. முற்றினால் வலிப்பு ஏற்பட்டுத் தாயும் சேயும் உயிரிழக்க நேரிடும்.

நோயின் அறிகுறிகள் பிற்பாதியில் தென்பட்டாலும், அதன் வேர் முதற்பாதியிலேயே உருவாகிவிடுகிறது. கருப்பையின் தமனிகள் போதிய அளவு விரிவடையாதபோது நஞ்சுக்கொடிக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. அதனால் நஞ்சுக்கொடியிலிருந்து சில புரதங்கள் மிகுதியாக வெளியேறித் தாயின் ரத்த நாளங்களைப் பாதிக்கின்றன. நோய் முற்றிய நிலையில் குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியேற்றுவதே தீர்வு. ஆகவே, தாயைக் காக்க மருத்துவர்களே குறித்த காலத்துக்கு முன்பாகப் பிரசவத்தை நிகழ்த்த வேண்டியுள்ளது. இவ்வாறே ஒரு நோய் மற்றொரு சிக்கலுக்கு வழிவகுக்கிறது.

ஆஸ்பிரின் எப்போது பயன் தரும்?

பாதிப்புக்கான வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் வழங்கும் முறையை, 2017ஆம் ஆண்டில் வெளியான 'ஆஸ்ப்ரே' என்ற ஐரோப்பிய ஆய்வு உறுதிப்படுத்தியது. கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை நாள்தோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவர்களில் 1.6 சதவீதத்தினருக்கு மட்டுமே 37 வாரங்களுக்கு முன்பாகப் பிரசவம் நிகழ வேண்டிய அளவுக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா ஏற்பட்டது. போலி மாத்திரை பெற்றவர்களில் இந்த விகிதம் 4.3 சதவீதமாக இருந்தது.

இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் ஆகிய இடங்களும் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியானது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், முதல் குழந்தையை எதிர்நோக்கிய சுமார் 12,000 பெண்களிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வில், 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவர்களிடையே குறைப்பிரசவ விகிதம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. இவர்கள் அனைவரும் 14 வாரங்கள் நிறைவடையும் முன்பே மாத்திரையைத் தொடங்கியவர்கள்.

நஞ்சுக்கொடி உருவாகிவரும் அந்த வாரங்களில்தான் மருந்தின் முழுப் பயன் கிடைக்கிறது. ஐந்தாவது மாதத்தில் முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே கடந்துபோயிருக்கும்.

ஸ்டீராய்டு ஊசி கற்பித்த பாடம்

குறைமாதத்தில் பிறக்கவுள்ள குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்ச்சியடையத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்துவது நீண்டகால நடைமுறை. இந்தியாவில் இந்த மருந்தின் முதல் தவணையைத் துணை செவிலியர்களே செலுத்தி, கர்ப்பிணியை உயர் சிகிச்சை மையத்துக்கு அனுப்பலாம் என மத்திய அரசு 2014ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதையடுத்து 2015ஆம் ஆண்டில் 'தி லான்செட்' இதழில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு மருத்துவ உலகை யோசிக்க வைத்தது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை உள்ளடக்கிய அந்த ஆய்வில், கிராமப்புறங்களில் ஸ்டீராய்டு பயன்பாட்டை விரிவுபடுத்திய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை. மாறாக, ஆயிரம் குழந்தைகளுக்கு 3.5 என்ற அளவில் அதிகரித்தது. ஊசி செலுத்தப்பட்ட தாய்மார்களில் சுமார் 16 சதவீதத்தினர் மட்டுமே ஆய்வின் இலக்காக இருந்த மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைப் பெற்றனர். மருந்து தேவைப்படாத ஏராளமானோருக்கும் அது சென்று சேர்ந்திருந்தது.

இதன் பின்னர் உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வின் முடிவு 2020ஆம் ஆண்டில் வெளியானது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதிசெய்த பின்னரே 34 வாரங்களுக்கு உட்பட்ட கர்ப்பிணிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் வழங்கப்பட்டது. இம்முறை பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. வாரக் கணக்கின் துல்லியத்துடன் மருத்துவமனை வசதிகளும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். வாரக் கணக்கைத் துல்லியமாக உறுதிசெய்ய முடிவது, ஸ்டீராய்டு வழங்குவதற்கு உலக சுகாதார அமைப்பு விதித்துள்ள நிபந்தனைகளுள் ஒன்று.

இந்தியக் கருவுக்கு இந்தியக் கணக்கு

வாரக் கணக்கு பொதுவாகக் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கொண்டே தொடங்குகிறது. தேதி நினைவில் இல்லாதவர்களுக்கும், மாதவிடாய் சீராக இல்லாதவர்களுக்கும் இது பிழையாகலாம். ஸ்கேன் பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. ஆனால், கர்ப்ப மாதங்கள் ஏற ஏற அதன் துல்லியமும் குறைந்துவிடுகிறது. மேலும், பரவலாகப் பயன்படும் ஹேட்லாக் சூத்திரம் அமெரிக்கப் பெண்களின் தரவுகளைக் கொண்டு 1980களில் உருவாக்கப்பட்டது.

இந்தக் குறையைப் போக்க இந்தியாவிலேயே முயற்சி நடந்துள்ளது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன், ஹரியாணாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் 'கர்பினி' என்ற தொடர் ஆய்வு நடைபெறுகிறது. ஃபரீதாபாத்தில் உள்ள உயிரித் தொழில்நுட்பத் துறையின் சுகாதார அறிவியல் நிறுவனம் இதற்குத் தலைமை வகிக்கிறது. ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடக்கம் முதல் பிரசவம் வரை கண்காணிக்கும் இந்த ஆய்வில் தெரியவந்த ஒரு தகவல் கவனிக்கத்தக்கது. வாரத்தைக் கணக்கிடும் முறையைப் பொறுத்து, அதே பெண்களிடையே குறைப்பிரசவ விகிதம் சுமார் 11 முதல் 16.5 சதவீதம் வரை மாறுபட்டது. அதாவது, ஒரு குழந்தை குறைமாதக் குழந்தையா இல்லையா என்பதையே கணக்கீட்டு முறை தீர்மானித்துள்ளது.

இந்தத் தரவுகளைக் கொண்டு சென்னை ஐஐடியும் ஃபரீதாபாத் நிறுவனமும் இணைந்து, கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் வாரத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கி, 2024 பிப்ரவரியில் அறிவித்தன. மேற்கத்திய முறையில் 7 நாட்கள் வரை பிழை நேரக்கூடிய நிலையில், 'கர்பினி-ஜிஏ2' எனப்படும் இந்த மாதிரியில் பிழை அரை நாள் அளவே என்று ஆய்வாளர்கள் தெரிவித்தனர். தாமதமாக வரும் பெண்களுக்கு இது பேருதவியாக அமையலாம். ஆனால், ஆஸ்பிரின் தொடங்க வேண்டிய காலத்தை எந்த மாதிரியாலும் மீட்டுத் தர இயலாது.

திட்டங்கள் எந்த வாரத்தில் தொடங்குகின்றன?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2019-21 காலகட்டத்தில் இந்தியாவில் சுமார் 89 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. ஆனால், முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார்கள் 70 சதவீதத்தினர் மட்டுமே. குறைந்தது நான்கு முறை பரிசோதனை செய்துகொண்டவர்கள் சுமார் 58 சதவீதத்தினர். பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் நாடு பெற்ற வெற்றி, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

அரசுத் திட்டங்களின் அமைப்பிலும் இதைக் காணலாம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை வழங்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம், இரண்டாவது, மூன்றாவது மும்மாத கர்ப்பிணிகளை முதன்மையாகக் கொண்டே 2016இல் வடிவமைக்கப்பட்டது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் தவணை உதவித்தொகை பெற, கடைசி மாதவிடாயிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பதிவுசெய்து ஒரு பரிசோதனை முடித்திருந்தால் போதும். ஆஸ்பிரின் தொடங்க உகந்த காலமோ நான்காவது மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊக்கத்தொகையின் ஒரு பகுதியை முதல் மும்மாதப் பதிவுடன் இணைப்பது, இந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

வாரம் தெரியாவிட்டாலும் செய்யக்கூடியவை

வாரக் கணக்கு துல்லியமாக இல்லை என்பதற்காக எல்லாச் சிகிச்சையும் நின்றுவிட வேண்டியதில்லை. மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைப்பதை, 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான 'மேக்பை' ஆய்வு நிறுவியது. நாக்பூரின் இரு அரசு மருத்துவமனைகளில் 894 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, கடுமையான ரத்த அழுத்தத்தை நிஃபெடிபின், லேபெட்டலால், மெத்தில்டோபா ஆகிய மாத்திரைகளாலேயே பெருமளவு கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது. ஊசி மருந்தும் தொடர் கண்காணிப்பும் இல்லாத சிறிய மருத்துவமனைகளுக்கு இது முக்கியமான தகவல்.

ஆனால், இவை நோய் வந்த பின் உயிரைக் காப்பவை. நோயைத் தடுப்பதற்கும், குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என முடிவு செய்வதற்கும் வாரக் கணக்கு இன்றியமையாதது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மே மாதம் ஒப்புதல் அளித்த ப்ரீஎக்ளாம்ப்சியா ரத்தப் பரிசோதனைகூட, 23 வாரம் முதல் 34 வாரம் 6 நாள் வரையிலான கர்ப்பிணிகளுக்கே உரியது. இத்தகைய புதிய பரிசோதனைகள் இந்தியாவில் பரவலாகும்போது, அவற்றின் பயனும் தொடக்கத்திலேயே எடுக்கப்படும் ஒரு ஸ்கேனைப் பொறுத்தே அமையும்.

கர்ப்பம் உறுதியானவுடன் பதிவுசெய்வதும், கடைசி மாதவிடாய்த் தேதியைக் குறித்து வைப்பதும், முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுப்பதும் குடும்பங்கள் செய்யக்கூடியவை. கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் ஆகியவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின் உள்ளிட்ட எந்த மருந்தையும் மருத்துவரின் பரிந்துரையின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது.