ஏஐ-யில் 'ஷேர்' கொடுத்தால் யார் யார் பார்க்கலாம்? லிங்க் அனுப்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சாட்ஜிபிடி தயாரித்துக் கொடுத்த பதிலை ஒரு லிங்க்காக நண்பருக்கு அனுப்புகிறோம். அவர் மட்டும்தான் பார்ப்பார் என்று நினைக்கிறோம். ஆனால், இப்படி ஷேர் செய்யப்பட்ட சுமார் 4,500 உரையாடல்கள் கூகுள் தேடலில் கிடைப்பதாக 2025 ஜூலை இறுதியில் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழ் செய்தி வெளியிட்டது. மனநலப் பிரச்சினை, குடும்பச் சிக்கல் என வெளியே சொல்லத் தயங்கும் விஷயங்களும் அதில் இருந்தன.

எங்கே தப்பு நடந்தது? இனி எப்படி உஷாராக இருப்பது? பார்க்கலாம்.

என்ன நடந்தது?

அப்போது சாட்ஜிபிடியில் ஷேர் கொடுத்தால், 'இந்த உரையாடலைத் தேடலில் காட்டலாம்' என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதை டிக் செய்தவர்களின் பக்கங்கள்தான் கூகுளுக்குப் போயின. டிக் செய்தவர்களில் பலருக்கு அதன் அர்த்தம் புரியவில்லை என்பதே சிக்கல். சர்ச்சை வெடித்ததும் ஓபன்ஏஐ நிறுவனம் அந்த வசதியையே தூக்கிவிட்டது.

அடுத்த மாதமே எலான் மஸ்க்கின் 'க்ரோக்' மாட்டியது. 3,70,000-க்கும் மேற்பட்ட க்ரோக் உரையாடல்கள் தேடலில் வருவதாக 2025 ஆகஸ்டில் 'ஃபோர்ப்ஸ்' தெரிவித்தது. இங்கே டிக் செய்ய கட்டம்கூட இல்லை. ஷேர் பட்டனைத் தட்டியதுமே உருவான லிங்க், தேடுபொறிகளுக்கும் திறந்தே இருந்தது.

2023-ல் கூகுளின் சொந்த ஏஐ 'பார்ட்' உரையாடல்களும் இதே மாதிரி தேடலில் சிக்கியிருக்கின்றன. ஆக, இது ஒரு கம்பெனியின் பிரச்சினை இல்லை.

திருநின்றவூர்க்காரருக்கு இதில் என்ன கவலை?

திருநின்றவூரைச் சுற்றி காக்களூர், திருமழிசை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இங்கே ஏராளம். இங்கிலீஷில் மெயில் எழுத, கொட்டேஷன் போட ஆள் வைக்க முடியாத பட்டறைக்கு ஏஐ பெரிய உதவிதான்.

உதாரணத்துக்கு ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு என்ன ரேட், யாருக்கு சப்ளை, எத்தனை நாள் கடன் எல்லாவற்றையும் சொல்லி ஏஐ-யிடம் கொட்டேஷன் தயார் செய்கிறார் உரிமையாளர். அந்த உரையாடலின் லிங்க்கை ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். கொட்டேஷன் மட்டுமல்ல, அதற்காக அவர் டைப் செய்த அத்தனையும் அந்த லிங்க்கில் இருக்கும். அது போட்டி பட்டறையின் கையில் கிடைத்தால், அடுத்த ஆர்டரில் 50 பைசா குறைத்துப் போட்டு வாங்கிவிடுவார்கள்.

திருநின்றவூர், பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர். ஏஐ-யிடம் பேசுவதும் பலருக்கு மனசுக்குள் பேசுவது போலத்தான் இருக்கிறது. அதனால்தான் சம்பளம், நோய், கடன் எல்லாம் அங்கே வந்து விழுகிறது.

லிங்க் என்பது பூட்டு இல்லையா?

இல்லை. இணையத்தில் ஒரு பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதில் மோட்டாமோட்டியாக 4 நிலைகள் உண்டு.

1. நீங்கள் மட்டும்: உங்கள் கணக்கில் நுழைந்தால்தான் தெரியும்.

2. குறிப்பிட்ட ஆட்கள்: நீங்கள் மெயில் ஐடி சேர்த்தவர்களோ, உங்கள் நிறுவனத்தில் இருப்பவர்களோ லாகின் செய்து பார்க்கலாம்.

3. லிங்க் வைத்திருக்கும் யாரும்: லாகின் தேவையில்லை. ஒருவர் ஃபார்வர்டு செய்தால் போதும், அடுத்தவரும் பார்க்கலாம்.

4. ஊருக்கே பொது: கூகுளில் தேடினாலும் வரும்.

ஏஐ செயலிகளின் ஷேர் பட்டன் பெரும்பாலும் தருவது 3-வது நிலை. அனுப்புபவர் மனதில் நினைப்பதோ 2-வது நிலை. குழப்பம் இங்கேதான்.

3-வது நிலையிலிருந்து 4-க்கு நழுவவும் ரொம்ப நேரம் ஆகாது. யாராவது அந்த லிங்க்கை ஒரு பொதுப் பக்கத்தில் போட்டால், தேடுபொறி அதைப் பின்தொடர்ந்து வந்துவிடலாம். 'இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே' என்று குறிப்பு எழுதி வைக்க இணையதளங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் அது வாசலில் மாட்டிய போர்டு மாதிரி. மதிப்பவர் மதிப்பார், கதவு திறந்துதான் இருக்கும்.

ஏஐ கட்டித் தரும் வெப்சைட்?

இப்போது வாயால் சொன்னாலே ஏஐ வெப்சைட்டும் ஆப்பும் செய்து தருகிறது. இங்கே ஆபத்து இன்னும் பெரிசு. 'லவ்வபிள்' என்ற தளத்தில் உருவான 1,645 ஆப்களை 2025-ல் சோதித்தபோது, 170-ல் பயனாளர்களின் தகவல்களை வெளியாட்களும் எடுக்க முடியும் நிலை இருந்தது. முகப்புப் பக்கம் அழகாக இருக்கும். பின்னால் இருக்கும் தகவல் அறைக்கு, யார் எதைப் பார்க்கலாம் என்ற விதியே சரியாக எழுதப்பட்டிருக்காது.

சட்டம் காப்பாற்றுமா?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் தன் தகவலைத் தானே பொதுவெளியில் வைத்தால், அந்தத் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. புரியாமல் டிக் செய்ததும் 'தானே வைத்தது' ஆகுமா என்ற கேள்வி இனிமேல்தான் எழும்.

அதேநேரம், வாடிக்கையாளர் பட்டியலையோ ஊழியர் விவரத்தையோ ஒரு நிறுவனம் இப்படித் திறந்து வைத்தால் கதை வேறு. அது அடுத்தவர் தகவல். பாதுகாக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

இப்போதே என்ன செய்யலாம்?

* சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ், ஷேர்டு லிங்க்ஸ் என்று போனால் இதுவரை ஷேர் செய்த லிங்க்குகள் வரிசையாக இருக்கும். தேவையில்லாததை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருவர் தன் கணக்கில் சேமித்துக்கொண்ட பிரதி மட்டும் இதனால் அழியாது.

* லிங்க் அனுப்பும் முன், பிரவுசரின் இன்காக்னிட்டோ பக்கத்தில் அதைத் திறந்து பாருங்கள். லாகின் கேட்காமல் திறந்தால், யாருக்கும் திறக்கும்.

* முழு உரையாடலையும் அனுப்ப வேண்டாம். தேவையான பத்தியை மட்டும் காப்பி செய்து அனுப்பினால் போதும்.

* லிங்க்தான் வேண்டுமென்றால், கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் போட்டு, பார்க்க வேண்டியவரின் மெயில் ஐடியை மட்டும் சேருங்கள்.

* அழித்த பக்கம் கூகுளில் இன்னும் தெரிந்தால், பழைய தேடல் முடிவுகளை நீக்கக் கோரும் வசதி கூகுளிலேயே இருக்கிறது.

* பாஸ்வேர்டு வெளியே போயிருந்தால் உடனே மாற்றுங்கள். வங்கி விவரம் கசிந்து பணம் போனால் 1930 எண்ணுக்குத் தாமதிக்காமல் அழையுங்கள்.