ஓய்வும் உரிமையே!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம்)

"சும்மா இருக்காதே!" என்பது நம் வீடுகளில் குழந்தை நடக்கத் தொடங்கிய நாள் முதல் காதில் விழும் உபதேசம். உழைப்பின் பெருமையைப் பேசாத பாடநூல் இல்லை. பேசாத ஆண்டு விழா மேடையும் இல்லை. வள்ளுவப் பெருந்தகையும் மடியின்மைக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என வகுத்துத் தந்திருக்கிறார். உழைப்பு உயர்வு தரும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உழைத்து முடித்த மனிதன் ஆடவும் பாடவும், உற்றாரோடு உட்கார்ந்து பேசவும், ஒன்றும் செய்யாமல் வேப்ப மர நிழலில் காலை நீட்டிப் படுக்கவும் அவனுக்கென்று நேரம் வேண்டாமா? அதைப் பற்றி நாம் ஏன் பேசுவதேயில்லை? இக்கேள்வியை மாணவ நண்பர்கள் முன்னும், மதிப்பிற்குரிய பேராசிரியர்கள் முன்னும் இம்மலரின் வாயிலாக வைக்க விரும்புகிறேன்.

என் ஊர் மத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது. கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்பும் நிறைந்த, வானம் பார்த்த பூமி. என் தந்தை பிறர் தோப்பில் கூலி வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள்.

ஓசூரின் வளர்ச்சி நம் மாவட்டத்தின் பெருமை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, கர்நாடக எல்லையிலிருந்த அந்தச் சிற்றூரிலிருந்து லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் நாடெங்கும் சென்றன. இன்று கைப்பேசிப் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் செல்கின்றன. எங்கள் ஊர்களில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ட குடும்பங்கள் எத்தனையோ! அவற்றில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆகவே தொழிற்சாலையைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

ஒரு வாரக் கணக்கு

கணித மாணவன் என்பதால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். அதில் அக்காவின் வேலை நேரம் 48 மணி. காலை 6 மணி ஷிப்டுக்கு அவள் 4 மணிக்கே கம்பெனி பஸ் ஏற வேண்டும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஆறு நாளைக்கு 24 மணி. தூக்கம் நாளுக்கு எட்டு மணி என்று தாராளமாகவே வைத்தால் 56 மணி. குளிக்க, துவைக்க, சமையலில் அம்மாவுக்குக் கைகொடுக்க, சாப்பிட நாளுக்கு மூன்று மணி என்றால் 21 மணி. எல்லாம் போக மிஞ்சுவது 19 மணி.

இதில் ஓ.டி. என்ற ஒன்றைச் சேர்க்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி ஓ.டி. பார்த்தால் இன்னும் 12 மணி போய்விடும். ஆக மொத்தம் வாரத்திற்கு 60 மணி வேலை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஓ.டி.யையும் சேர்த்து வகுத்த உச்ச வரம்பும் அதுவே. அந்த வார வரம்பை மீறாமலேயே அக்காவின் கையில் மிஞ்சுவது ஏழே மணி நேரம். நாளுக்கு ஒரு மணி.

அந்த ஒரு மணியாவது முழுசாகக் கிடைக்கிறதா? பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்து நிமிடம், சோறு வேகும்போது கால் மணி என்று சில்லறையாகச் சிதறிக் கிடைக்கிறது. அந்தச் சில்லறை நேரத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கலாமே தவிர, ஒரு தோழி வீட்டுக்குப் போய்வர முடியுமா? கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் ஒரு மாலைப் பொழுது உட்கார முடியுமா? "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறார்கள்" என்று குறை கூறுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கர்ண மோட்சம்

எங்கள் பக்கத்தில் கோடைக்காலம் வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியத் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவம். நான் சிறுவனாயிருந்தபோது அக்காதான் என் கையைப் பிடித்துக் கூத்துக்கு அழைத்துச் செல்வாள். முன்னால் சாக்கு விரித்து இடம் பிடிப்பாள். கட்டியங்காரன் பேசியதை மறுநாள் வீட்டில் அப்படியே பேசிக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பாள்.

சென்ற ஆண்டு கர்ண மோட்சம் நடந்த இரவு, மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் முழுவதும் போய்விடும். போனால் போகட்டும் என்று வந்தாள். ஓ.டி. முடித்து இரவு எட்டரை மணிக்கு வீடு சேர்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, பழைய நினைப்பில் சாக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். பொன்னுருவி வேடம் சபைக்கு வருமுன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மத்தளமும் தாளமும் முகவீணையும் காதருகே முழங்கின. அவள் அசையவில்லை. நான் எழுப்பப் போனேன். அப்பா தடுத்தார்.

"எழுப்பாதடா, தூங்கட்டும். ஒரு வருசத் தூக்கம் அது."

விடியும் நேரம் கண் விழித்தவள் என்னைப் பார்த்து, "கர்ணன் செத்துட்டானா தம்பி?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் இழந்த போனஸ் தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இழந்த கூத்துக்கு என்ன விலை போடுவது? நேரம் ஒதுக்கினால் மட்டும் போதாது, அந்த நேரத்தை அனுபவிக்க உடம்பில் கொஞ்சம் தெம்பும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எட்டு மணி வந்த வழி

இந்த எட்டு மணி வேலையும் யாரோ மனமிரங்கிக் கொடுத்த தானமன்று. 1886 மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதைத் தொடர்ந்து சிகாகோ நகரில் சிந்திய இரத்தமே மே தினத்தின் வரலாறு. நம் சென்னையில் 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதே. அவசரமாக விழுங்காமல் சோறு தின்னச் சில நிமிடம் கேட்டுத் தொடங்கியது நம் தொழிற்சங்க வரலாறு! 1923 மே முதல் நாள் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

சட்டமும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 1922இல் வாரத்திற்கு 60 மணி. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54 மணி. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தின் முயற்சியால் 1946இல் 48 மணி. நமது அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு, வாழ்க்கைக்குப் போதிய ஊதியத்தோடு ஓய்வு நேரத்தை முழுமையாகத் துய்க்கும் நிலையையும் தொழிலாளர்க்குப் பெற்றுத்தர அரசு முயல வேண்டும் என்கிறது. 1948இல் ஐ.நா. சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவும் ஓய்வை ஓர் உரிமை என்றே கூறுகிறது. கணித மேதை பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1932இல் சும்மா இருத்தலைப் புகழ்ந்தே ஒரு கட்டுரை எழுதி, நாளுக்கு நான்கு மணி வேலை போதும் என்று வாதிட்டார். நான்கு மணிக்கு நான் ஆசைப்படவில்லை. இருக்கும் எட்டு மணியாவது எட்டு மணியாகவே இருக்கட்டும் என்கிறேன்.

ஏனெனில் அதற்கும் ஆபத்து வந்தது. 2023இன் தொடக்கத்தில் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் நாளுக்கு 12 மணி வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நம் சட்டமன்றத்திலும் அத்தகைய திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே நாளின் நூறாம் ஆண்டு நிறைவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2025 நவம்பரில் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் நாளுக்கு எட்டு மணி என்பதே அளவு. அந்த அளவு தாளில் மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் கடமை.

"நான்கு நாள் பன்னிரண்டு மணி உழைத்தால் மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே, அது நல்லதுதானே?" என்று என் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. தொழிற்சாலை வாசலில் குடியிருப்பவர்க்கு அது நன்றாகவே தோன்றலாம். பன்னிரண்டு மணி வேலையோடு நான்கு மணிப் பயணத்தையும் கூட்டிப் பாருங்கள். பதினாறு மணி ஆயிற்று. மிச்சமுள்ள எட்டு மணியில் தூங்குவதா, குளிப்பதா, சமைப்பதா? நான்கு நாள் உடம்பை வாட்டிவிட்டு வரும் மூன்று நாளும் கர்ண மோட்ச இரவு போலத் தூங்கியே கழிந்துவிடும்.

என் மனச்சாட்சியின் கேள்வி

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "உன் அக்கா ஓ.டி. பார்க்காவிட்டால் உன் படிப்பு என்னாகும்?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கு மேல் ஆகும் விடுதிச் செலவும் புத்தகச் செலவும் அக்காவின் ஓ.டி.யிலிருந்துதான் வருகின்றன. நான் நூலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்து இக்கட்டுரையை எழுதும் இந்த மாலை நேரம், ஒரு வகையில் அவளிடமிருந்து எடுத்ததே. ஓய்வைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பல முறை எண்ணினேன். எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று பட்டது.

ஓ.டி.யை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று சிலர் கூறுவர். எட்டு மணிச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் நடக்குமானால் எத்தனை பேர் விரும்புவார்கள்? ஆகவே ஓய்வைக் கேட்பதும் போதிய ஊதியத்தைக் கேட்பதும் ஒரே கோரிக்கைதான். அரசியலமைப்பின் அந்த 43ஆவது பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்லியிருப்பதன் பொருள் இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. 2023இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி அவர்கள் இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். நாட்டை உயர்த்தும் ஆவலில் சொல்லியிருக்கலாம். அந்த 70 மணியோடு பஸ்ஸில் போகும் 24 மணியையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் பணிவோடு கூறிக்கொள்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

நண்பர்களே, இன்னும் ஓராண்டில் நம்மில் பலர் வேலைக்குப் போவோம். நேர்முகத் தேர்வில் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கத் தெரிந்த நாம், "ஷிப்டு எத்தனை மணி? வார விடுமுறை என்று? பயணம் எவ்வளவு?" என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்பது சோம்பேறித்தனம் என்ற கூச்சம் நமக்கு வேண்டாம். முதல் தலைமுறையாகப் படித்து வந்த நமக்கு அந்தக் கூச்சம் சற்று அதிகம். ஓய்வாக உட்கார்ந்தாலே ஏதோ திருடியது போன்ற உணர்ச்சி நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் பயண நேரத்தைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர வேண்டும். வேலையிடத்துக்கு அருகே குறைந்த வாடகையில் குடியிருப்புகள் எழும்பினால், அக்காவைப் போன்றோர்க்கு நாளுக்கு மூன்று மணியாவது திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை ஊர்த் திருவிழாவுக்கு, போனஸை வெட்டாமல் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தால் எந்த உற்பத்தியும் கவிழ்ந்துவிடாது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அக்காவுக்காவது ஞாயிறு என்று ஒரு நாள் பெயரளவில் இருக்கிறது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. இந்த ஆண்டு விடுமுறைக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமைச் சமையலையும் துணி துவைப்பதையும் நானே செய்தேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது. ஆனாலும் அம்மாவும் அக்காவும் மதியம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்களுடைய நேரம்.

இந்தக் கோடையிலும் எங்கள் பக்கம் பாரதம் நடக்கும். கர்ண மோட்சத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே அக்கா லீவு போட வேண்டும், முதல் நாள் முழுக்கத் தூங்க வேண்டும், அந்த மாத ஓ.டி. குறைவதால் வரும் இடைவெளியை நான் மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். ஓர் இரவு கூத்துப் பார்க்க ஒரு குடும்பம் இவ்வளவு திட்டமிட வேண்டியிருக்கிறது. அவ்வாறு திட்டமிடத் தேவையில்லாத காலம் ஒன்று வர வேண்டும். அதற்காகப் பேசுவதும் எழுதுவதும் படித்த நம் கடமையன்றோ!