ஓபெத் கேட்கணுமா? 'பிளாக்வாட்டர் பார்க்'ல ஆரம்பிங்க

மஞ்சள் விலை, வாய்க்கால் தண்ணீர், மயில் தொல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் திடீரென்று ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழுவைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். ராத்திரி முறைக்கு கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், என் காதில் ஓடுவது பெரும்பாலும் ஓபெத்தான். இது தெரிந்த சிட்டி நண்பர்கள் கேட்கிற கேள்வியும் எப்பவும் ஒண்ணுதான்: "பதினாலு ஆல்பம் கிடக்குதே, எதுல ஆரம்பிக்கிறது?"

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதற்கு, ஒரே தடவையாக இங்கே சொல்லிவிடுகிறேன். 2001-ல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்'. அதுல ஆரம்பிங்க. "முதல்ல மென்மையான ஆல்பத்தைக் கேளு, அப்புறம் மெல்ல மெல்ல கடினமானதுக்குப் போகலாம்" என்று பலரும் சொல்வார்கள். நல்ல மனசோடு சொல்கிற யோசனைதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

ஓபெத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஸ்டாக்ஹோம்காரர்கள். முதல் ஆல்பம் 'ஆர்க்கிட்' 1995-ல் வந்தது. பாட்டு எழுதுவது, பாடுவது, கிதார் வாசிப்பது எல்லாம் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் என்கிற மனுசன். கூட வாசித்தவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். இவர் மட்டும் முதல் ஆல்பத்திலிருந்து இன்றுவரை இருக்கிறார். இவருக்கு ரெண்டு குரல். ஒன்று அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். இன்னொன்று தாலாட்டுப் பாடலாம் போல இருக்கிற தெளிந்த குரல். கிதாரும் அப்படித்தான். ஒரு நிமிடம் பாறையை உருட்டிவிட்ட மாதிரி இரைச்சல், அடுத்த நிமிடம் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிற அமைதி. ஒரே பாட்டுக்குள் ரெண்டும் மாறி மாறி வரும். புரோகிரஸிவ் மெட்டல் என்று பேர் சொல்கிறார்கள். பேர் கிடக்கட்டும், விஷயம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த 'மென்மையான ஆல்பம்' யோசனைக்கு வருவோம். அவர்கள் சொல்வது 2003-ல் வந்த 'டாம்னேஷன்'. அதில் ஒரு இடத்தில்கூட உறுமல் கிடையாது. அருமையான ஆல்பம், நானும் அடிக்கடி கேட்கிறேன். ஆனால் அது தனியாகப் பிறந்தது இல்லை. 2002-ல் 'டெலிவரன்ஸ்', 'டாம்னேஷன்' ரெண்டையும் ஒரே சமயத்தில்தான் பதிவு செய்தார்கள். கடுமையானதை எல்லாம் ஒன்றில் வைத்தார்கள், அமைதியானதை எல்லாம் இன்னொன்றில் வைத்தார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தரை மட்டும் கூட்டிவந்து "இதுதான் குடும்பம்" என்று காட்டுவது எப்படி?

'டாம்னேஷன்' மட்டும் கேட்டுவிட்டு வருகிறவருக்கு ரெண்டில் ஒன்று நடக்கும். ஓபெத் என்றால் சோகமான, அழகான, மழை நாளுக்கு ஏற்ற பாட்டு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுவார். இல்லையென்றால் அடுத்து 'டெலிவரன்ஸ்' போடுவார். முதல் நிமிடத்திலேயே பயந்துபோய், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று காதிலிருந்து கழற்றி வைத்துவிடுவார். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இப்படிப் போனார்கள். கசக்கும் என்பதை மறைத்துப் பாகற்காய் ஊட்டினால், அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் பாகற்காயைத் தொடாது. கசக்கும்டா, ஆனா நல்லா இருக்கும்னு சொல்லிக் கொடுத்தால் ஒரு வாய் தின்று பார்க்கும்.

'பிளாக்வாட்டர் பார்க்' எதையும் மறைப்பதில்லை. மொத்தம் எட்டு பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலே ஓடும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் முதல் நாலு பாட்டை மட்டும் வரிசை மாறாமல் கேளுங்க. கிட்டத்தட்ட 37 நிமிடம். கிண்டியிலிருந்து தாம்பரம் போகிற நேரம்தான். அந்த 37 நிமிடத்துக்குள் ஓபெத்தின் மொத்த சங்கதியும் இருக்கிறது.

முதல் பாட்டு 'த லெப்பர் அஃபினிட்டி'. மெல்ல எழும்பி வந்து நேராக உறுமலில் இறங்கும். நடுவில் தெளிந்த குரல் வரும். கடைசியில் எல்லாம் அடங்கி வெறும் பியானோ மட்டும் மிஞ்சும். பத்து நிமிடத்துக்குள் புயலும் அடித்து ஓய்ந்துவிடும். ரெண்டாவது 'பிளீக்'. இதில் உறுமல் குரலுக்கு நடுவே பாடுகிற இன்னொரு குரல் ஸ்டீவன் வில்சனுடையது. இங்கிலாந்தின் பார்க்குபைன் ட்ரீ குழுவை நடத்துகிறவர். இந்த ஆல்பத்தின் தயாரிப்பில் இவருக்கும் பங்கு உண்டு. ஓபெத்தின் ஒலி இவ்வளவு துல்லியமாகத் திறந்துகொண்டது இவர் வந்த பிறகுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது பாட்டின் பேர் 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை. பேரைப் பார்த்து நான் சிபாரிசு செய்கிறேன் என்று நினைக்காதீங்க, அது நம்ம அறுவடை இல்லை, சாவைப் பற்றிய பாட்டு. ஆறு நிமிடம், உறுமலே இல்லை. இதை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் நல்ல பாட்டு, அவ்வளவுதான். முதல் ரெண்டு பாட்டையும் தாண்டி இருபது நிமிடம் கழித்து வந்து கேட்டால், உச்சி வெயிலில் களை எடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்த மாதிரி இருக்கும். நிழலின் அருமை வெயில்ல தெரியும்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? என் மொத்த வாதமும் இந்தப் பாட்டில்தான் நிற்கிறது.

நாலாவது 'த டிரேப்பரி ஃபால்ஸ்'. இதில் முறை தலைகீழ். தெளிந்த குரலில் தொடங்கும், நடுவில் உறுமலுக்குள் இறங்கும், கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வரும். அந்தக் கிதார் மெட்டு முதலில் கேட்டபோது சோகமாக மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது அதே மெட்டில் ஒரு கனம் ஏறியிருக்கும். மெட்டு மாறவில்லை, நீங்கள்தான் நடுவில் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறீர்கள்.

"எல்லாம் சரி, அந்த உறுமலைத்தான் தாங்க முடியலை, ஒரு வார்த்தைகூடப் புரியலை" என்பீர்கள். நியாயமான கேள்வி. எங்க ஊர் நோம்பியில் உறுமி மேளம் அடிப்பார்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கிறபோது ஒரு சத்தம் எழும்பும் பாருங்க, அது காதுக்கு இனிமையா என்று கேட்டால், இல்லை. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ அசையும், நின்ற இடத்தில் சாமி வந்து ஆடுகிறவர்களும் உண்டு. அந்த உறுமிக்கு யாராவது அர்த்தம் கேட்கிறோமா? ஓகர்ஃபெல்டின் உறுமலை வார்த்தையாகக் கேட்காமல் ஒரு வாத்தியமாகக் கேளுங்க. ரெண்டாவது, மூன்றாவது தடவையில் அதற்குள்ளும் ஏற்ற இறக்கம் இருப்பது பிடிபடும். வார்த்தை வேண்டுமென்றால் அப்புறம் எழுத்தில் வாசித்துக்கொள்ளலாம்.

மூன்று தடவை கேட்டும் ஒட்டவில்லையா? விட்டுடுங்க. எல்லா மண்ணுக்கும் எல்லாப் பயிரும் வராது. ஆனால் உண்மையான ஓபெத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். பாதியைக் கேட்டுவிட்டு ஏமாந்து போனதைவிட அது மேல்.

ஒட்டிக்கிச்சு என்றால் அடுத்து என்ன? 2005-ல் வந்த 'கோஸ்ட் ரெவரீஸ்'. இதில் கீபோர்டு வாசிக்க ஒரு ஆள் குழுவுக்குள்ளேயே வந்துவிட்டதால் ஒலி இன்னும் அகலமானது. முதல் பாட்டு 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' சில நொடி அமைதியைக் காட்டிவிட்டு ஆளை அடித்துத் தூக்கும். அதற்கப்புறம் 'டெலிவரன்ஸ்', 'டாம்னேஷன்' ரெண்டையும் அதே வரிசையில், முடிந்தால் ஒரே நாளில் கேளுங்க. இப்போது 'டாம்னேஷன்' வேறு ஆல்பமாகத் தெரியும்.

அப்புறம் 1999-ல் வந்த 'ஸ்டில் லைஃப்'. இது முழுக்க ஒரே கதை. ஊராரின் நம்பிக்கையை ஏற்காததால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தன், பல வருடம் கழித்து மெலிண்டா என்கிற பெண்ணுக்காகத் திரும்பி வருகிறான். ஊர் அவனை மன்னிக்கத் தயாராக இல்லை. ஊர்விலக்கம் என்றால் என்ன, தண்ணீர், பேச்சு, நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒருத்தனுக்கு நிறுத்துவது எப்படி இருக்கும் என்பது கிராமத்தில் வாழ்கிறவனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஸ்வீடன்காரன் எழுதின கதையில் எங்க ஊர் பஞ்சாயத்து ஞாபகம் வந்தது.

2011-ல் 'ஹெரிட்டேஜ்' வந்தபோது உறுமலை அறவே விட்டார்கள். அடுத்து வந்த மூன்று ஆல்பங்களிலும் அது இல்லை. பழைய ரசிகர்களில் பலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் 'பேல் கம்யூனியன்' பிடிக்கும். 2019-ல் வந்த 'இன் காடா வெனேனம்' ஸ்வீடிஷ், ஆங்கிலம் ரெண்டு மொழியிலும் வந்தது. ஸ்வீடிஷில் கேளுங்க, தாய்மொழியில் பாடுகிறவன் குரலில் ஒரு உரிமை இருக்கும். 2024-ல் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. இதில் உறுமல் திரும்பி வந்துவிட்டது. வசதியான ஒரு குடும்பத்தில் அப்பா செத்த பிறகு உயிலை வாசிக்கிறார்கள், ஒவ்வொரு பத்தியாகக் குடும்ப ரகசியம் வெளியே வருகிறது. முதல் ஏழு பாட்டுக்குப் பேரே இல்லை, உயிலின் பத்தி எண்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இதில் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். பாகப்பிரிவினை நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஆல்பம் சீக்கிரம் புரியும்.

'ஆர்க்கிட்', 'மார்னிங்ரைஸ்' ரெண்டும் கடைசியில். வெளியான வரிசைப்படிதான் கேட்பேன் என்று அடம் பிடிக்காதீங்க. 'மார்னிங்ரைஸ்'ல 20 நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஓபெத் மேல் பிரியம் வந்த பிறகு கேட்டால் அது பொக்கிஷம், முதல் நாளே கேட்டால் தண்டனை.

கடைசியா ஒரு விஷயம். "நீங்க எப்படிங்க இதெல்லாம் கேக்கறீங்க, நாட்டுப்புறப் பாட்டு கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். 2009-ல் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கே ஓபெத் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சென்னைப் பையன் கேட்டால் ரசனை, தோட்டத்துக்காரன் கேட்டால் அதிசயமா? உறுமி மேளமும் கேட்பேன், ஓபெத்தும் கேட்பேன். நாங்க உங்களுக்குக் காட்சிக்கு வச்ச பொம்மை இல்லைங்க. இவனுக்கு இதுதான் புரியும் என்று முன்கூட்டியே முடிவு செய்து மென்மையானதை மட்டும் கையில் கொடுப்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மரியாதைக் குறைவுதான். அதனால்தான் உங்களுக்கும் நான் 'டாம்னேஷன்' கொடுக்கவில்லை.

முதல் நாலு பாட்டு, 37 நிமிடம். போனை ஓரமா வச்சுட்டு, நடுவுல நிறுத்தாம கேளுங்க.