கைராசியைக் குறை சொல்லாதீர்கள்!

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வீட்டு வாசல்களில் நீல நிறத்தில் பந்து பந்தாகப் பூத்து நிற்கும் ஒரு புதர்ச்செடி. அதுதான் ஹைட்ரேஞ்சா. அங்கே குளிர் உண்டு, ஆனால் செடியைக் கருக்கும் குளிர் இல்லை. அதனால் அது பாட்டுக்குப் பூக்கிறது.

அதே செடியை அமெரிக்காவின் மினசோட்டா மாதிரி உறைபனி மாநிலத்தில் நட்டால் கதையே வேறு. நர்சரியிலிருந்து வரும்போது பூவோடு வரும். அடுத்த வருடம் வெறும் இலை. அதற்கடுத்த வருடமும் இலைதான். உரம் போட்டுப் பார்க்கிறார்கள், இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் "நமக்குக் கைராசி இல்லை" என்று பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடியும் அதே நீலச் செடியை வாங்கி வருகிறார்கள்!

தப்பு கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. அந்த நீல வகையின் பெயர் மேக்ரோஃபில்லா. அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை இந்த வருடமே தண்டில் கட்டி வைத்துவிடும். கடுங்குளிரில் அந்த மொட்டு செத்துவிடும். வேர் பிழைத்துத் துளிர்க்கும், ஆனால் பூ வராது. இலையுதிர் காலத்தில் கவாத்து செய்தாலும் இதே கதிதான்.

குளிர் தேசத்துக்கென்றே இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று ஆர்போரெசென்ஸ், கிழக்கு அமெரிக்கக் காடுகளில் தானாக வளர்வது. இன்னொன்று ஜப்பான், சீனாவைச் சேர்ந்த பேனிகுலேட்டா. இரண்டும் மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். அந்தந்த வருடம் விடும் புதுத் தளிரிலேயே பூப்பதால் பனிக்குப் பயமில்லை.

ஆர்போரெசென்ஸில் பேர் பெற்றது 'அனபெல்'. 1910-ல் இல்லினாய் மாநிலத்தின் அனா என்ற ஊருக்குப் பக்கத்தில், குதிரையில் போன ஹேரியட் கர்க்பேட்ரிக் என்ற பெண்மணி காட்டில் கண்டெடுத்தது. அரை நூற்றாண்டு வீட்டுக்கு வீடு கைமாறி வளர்ந்து, 1960-களில்தான் கடைக்கு வந்தது. அத்தனை குளிர்காலங்களையும் யாருடைய கைராசியால் தாண்டியது?

பராமரிப்பும் பெரிய வேலை இல்லை. அனபெல்லுக்குக் காலை வெயில், பிற்பகல் நிழல். பேனிகுலேட்டா முழு வெயிலையும் தாங்கும். அடியில் மூடாக்கு போட்டு ஈரம் காக்க வேண்டும். மதியம் இலை துவண்டால் உடனே குடத்தைத் தூக்க வேண்டாம், மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தழைச்சத்து உரம் அதிகமானால் இலைதான் கொழுக்கும். கவாத்து, குளிர்காலம் முடிந்து துளிர் விடுமுன்: அனபெல்லை ஒன்றரை அடி விட்டு, பேனிகுலேட்டாவில் மூன்றில் ஒரு பங்கு.

"நீல நிறம் வராதே!" என்பார்கள். உண்மைதான். அமில மண்ணிலுள்ள அலுமினியத்தால் வரும் அந்த நீலம் இந்த வெள்ளை வகைகளுக்குக் கிடையாது, படிகாரம் கொட்டினாலும் வராது. பழைய தண்டிலும் புதுத் தளிரிலும் பூக்கும் 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற நீல வகை 2004-ல் சந்தைக்கு வந்தது. ஆனால் மொட்டு கருகிய வருடத்தில் அதுவும் தாமதமாக, கொஞ்சமாகத்தான் பூக்கும்.

வராத நீலத்துக்காக வருடா வருடம் காசைக் கரைப்பதைவிட, வரும் வெள்ளையைக் கண் நிறையப் பார்ப்பது மேல். நர்சரியில் பூவைப் பார்த்துக் கை நீளும்போது, முதலில் தொட்டியில் செருகியிருக்கும் சீட்டில் வகைப் பெயரைப் படியுங்கள். கைராசியெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.